பழவேற்காட்டுக்கு ஒரு சைக்கிள் பயணமும் ‘பாடு’ என்கிற கணக்கும்



தை மாதம் நாம் பழவேற்காட்டுக்குச் சைக்கிளில் போய்வந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பூநாரைக் கூட்டம், டச்சுக் கல்லறை, பனையோலைப் பெட்டி, தட்டு நிறைய நண்டு என்று நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. ஆனால் அன்று நான் இரண்டு மணி நேரம் ஒதுக்கிவைத்த இடம் ஒரு படத்தில்கூட இல்லை. அங்கே படம் எடுக்க ஒன்றும் இல்லை என்பதும் உண்மைதான். ஒரு மரம், அதன் அடியில் ஒரு சிமெண்ட் திண்ணை, நான்கு பெரியவர்கள். வர முடியாதவர்கள் “அங்க அப்படி என்னதான் சார் பேசினீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கோயம்புத்தூர் மச்சானும் நேற்று போனில் அதையே கேட்டார். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். மணி அடித்த பிறகும் பாடத்தை விடாத ஆள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

யோசனை என்னுடையது இல்லை. சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டும் நம் பிள்ளைகள் சிலர் வந்து, “சார், பழவேற்காடு பக்கம் சுற்றுச்சூழலுக்காக நடக்கிற வேலைகளை எல்லாம் ஒரே நாளில் சைக்கிளில் சுத்திப் பார்க்கணும், நீங்க கூட வந்து வரலாறு சொல்லணும்” என்றார்கள். ஒரு பட்டியலும் வைத்திருந்தார்கள். பறவைகள் சரணாலயம், அலையாத்திக் கன்று நட்ட கரை, பனையோலை முடையும் பெண்கள், முகத்துவாரத்தில் கட்டும் கல் சுவர். நல்ல பட்டியல்தான். எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு, ஆண்டு உண்டு, செலவுக் கணக்கு உண்டு. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: பாடு.

“பாடா? படாத பாடா சார்?” என்று ஒருத்தன் சிரித்தான். சிரித்தவன் பெயரைச் சொல்ல மாட்டேன். இந்தப் பதிவை அவன் வீட்டுக்காரம்மாவும் படிப்பார்.

ஏன் சைக்கிள் என்று உறவுகளில் சிலர் கேட்டீர்கள். ஏரியைப் படகில் சுற்றுவதுதான் முன்பெல்லாம் வழக்கம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. காரில் போகலாம்தான். ஆனால் காரில் போகிறவர்களுக்குக் கோட்டையும் கல்லறையும் கலங்கரை விளக்கமும் கிடைக்கும், நடுவில் இருக்கிற குப்பங்கள் கண்ணாடிக்கு வெளியே ஓடிவிடும். சைக்கிளில் வருகிறவனை ஊரில் யாராவது நிறுத்தி “எந்த ஊரு?” என்று கேட்பார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கேள்விதான்.

மொத்தம் 19 பேர். வயது 16 முதல் 67 வரை. அந்த 67 யார் என்று சொல்லத் தேவையில்லை. சென்னைப் பிள்ளைகளின் சைக்கிள்கள் குட்டி யானையில் பொன்னேரிக்கு வந்து இறங்கின. ஆட்கள் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் வந்தார்கள். இரண்டே விதிகள் வைத்தேன். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போக வேண்டும், அவரை யாரும் முந்தக் கூடாது. பம்பும் பஞ்சர் சாமானும் வைத்திருப்பவர் கடைசியில் வர வேண்டும். இருபதாயிரம் ரூபாய் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு முதல் விதி பிடிக்கவில்லை. திருப்பாலைவனம் வருவதற்குள் பழகிவிட்டார்கள்.

வந்தவர்களில் ஒன்பது பேர் பெண்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது நடந்திருக்காது. அதை மாற்றியது ஒரு சைக்கிள் இயக்கம்தான். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வேலையோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது அங்கே ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். பாவாடை தாவணியிலும் புடவையிலும், ஆண்கள் சைக்கிளில் பார் கம்பிக்கு மேலே காலைத் தூக்கிப்போட்டு, கிராமம் கிராமமாகக் கற்றுக்கொண்டார்கள். 1992-ல் ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஊர்வலம் போனார்கள். கேலி பேசிய ஆண்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பிறகு அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. நம் ஒன்பது பேரில் ஐந்து பேர் பள்ளியில் கிடைத்த அந்த இலவச சைக்கிளில் ஓட்டப் பழகியவர்கள்.

சரி, ஊருக்கு வருவோம்.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் நம்முடையது. தெற்கே ஆரணியாறு வந்து விழுகிறது, வடமேற்கே காளங்கி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதன் வடக்குப் பாதிதான் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. தீவு 1969-ல் அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் பறந்தது. ராக்கெட் விடும் நாளில் இந்தப் பக்கத்து மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. சந்திரயானைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய நமக்கு அது ஒரு நாள் கூலி போன நாளாகவும் இருந்தது தெரியாது.

டச்சுக்காரர் கதையை வகுப்பில் நிறையப் பேசியிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரிடம் 1610-ல் அனுமதி வாங்கினார்கள். 1612-ல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அவர்களுடைய கிடங்கைத் தாக்கினார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழும்பியது. இங்கே நெய்த துணியைக் கொண்டுபோய்க் கிழக்கிந்தியத் தீவுகளில் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலேசியாவில் இருக்கும் நம் உறவுகள் லுங்கியைக் ‘காயின் பெலிக்காட்’ என்று சொல்லக் கேட்டிருப்பார்கள், அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான். வெடிமருந்து ஆலையும் இங்கே இருந்தது. பஞ்ச காலங்களில் பிழைக்க வழியில்லாத மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியதும் இதே துறையிலிருந்துதான். கல்லறை வாசலில் இருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு செல்ஃபி எடுத்த பிள்ளைகளுக்கு நான் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது, 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முழுதாக வந்தது. கோட்டை இன்று முள்ளும் புதரும். சைக்கிளுக்கு உலகமே உதாரணம் காட்டும் நாட்டுக்காரர்கள் கட்டிய கோட்டையை நாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இனி திண்ணைக்கு வருகிறேன்.

பாட்டைப் புரிந்துகொள்ள முதலில் இறாலைப் புரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு, கண்ணுக்கே தெரியாத அளவில், முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். ஏரி ஆழமில்லாதது, வெதுவெதுப்பானது, தீனி நிறைய. அங்கே சில மாதம் வளர்ந்துவிட்டு முட்டையிடும் வயதில் மறுபடி கடலுக்குத் திரும்பும். போவதற்கும் வருவதற்கும் ஒரே வாசல். அப்படியானால் அந்த வாசலுக்குப் பக்கத்தில் வலை கட்டுகிறவனுக்கு எல்லாம் கிடைக்கும், தள்ளிக் கட்டுகிறவனுக்கு மிச்சம் கிடைக்கும். ஏரி பொது, ஆனால் ஏரியின் எல்லா இடமும் ஒன்றில்லை. சண்டைக்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இந்தச் சண்டையை நிறுத்தத்தான் பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று பட்டினவர் ஊர்களுக்கு முகத்துவாரத்தை ஒட்டிய வலைநிலங்களில் முறை உண்டு. கம்பு நட்டு நீரோட்டத்தில் வளைத்துக் கட்டும் சுத்து வலைக்கான இடங்கள் அவை. ஒவ்வொரு இடத்துக்கும் எல்லை உண்டு. எந்த இடம் எந்தக் குழுவுக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்கிறார்கள், பிறகு அது சுழன்றுகொண்டே வருகிறது. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம். பணக்காரன் அதிக வலை வைத்திருந்தாலும் தன் முறை வராமல் அங்கே கம்பு நட முடியாது. முறையை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து, அபராதம். கடலில் மீன் பிடிக்கவோ வேறு வலை போடவோ இந்தக் கட்டு இல்லை, முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடங்களுக்கு மட்டும்தான்.

“வலை ஏரியில எங்க வேணா போட்டுடலாம் சார். ஆனா முறை இல்லாம போட்டா அன்னிக்கு ராத்திரி தூங்க முடியாது” என்றார் ஒரு பெரியவர்.

இதில் ஏரிக்கு என்ன லாபம்? இங்கேதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இத்தனை இடம், இத்தனை வலை என்று கணக்கு இருக்கிறபடியால் வாசலை முழுக்க அடைத்துக் கட்ட முடியாது. இன்று நான் பிடிக்காவிட்டால் நாளை இன்னொருவன் பிடித்துவிடுவான் என்கிற பதற்றம் குறைகிறது, ஏனென்றால் என் முறை எனக்கு வந்தே தீரும். கொஞ்சம் இறால் தப்பித்துக் கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. யாரும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைச் சொல்லவில்லை. பங்கைப் பற்றித்தான் பேசினார்கள். இதைப் பற்றி செபாஸ்டியன் மாத்யூ செய்த ஆய்வை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-லேயே வெளியிட்டது. ரோமில் இருக்கிறவர்கள் படித்துவிட்டார்கள், பொன்னேரியில் இருக்கிற நாம் சாவகாசமாக இப்போதுதான் வந்திருக்கிறோம்.

பொருளாதாரம் படித்த பிள்ளைகளுக்காக ஒரு இடைச்செருகல். 1968-ல் காரெட் ஹார்டின் என்கிற அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாடு, இன்னும் ஒரு மாடு என்று விட்டுக்கொண்டே போவான், கடைசியில் புல்லும் இருக்காது மாடும் இருக்காது, ஆகவே பொதுச்சொத்து என்றால் அழிவுதான் என்பது அவர் வாதம். தனியாருக்கு விற்க வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பல நாடுகளில் அதை வைத்துக்கொண்டு சட்டம் போட்டார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் அந்த வாதத்தை நேரில் போய்ச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டினார். துருக்கியில் அலான்யா என்ற ஊரில் மீனவர்கள் செப்டம்பர் மாதம் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள். ஜனவரி வரைக்கும் ஒவ்வொரு நாளும் கிழக்கே ஒரு இடம் நகர்கிறார்கள், பிறகு மேற்கே நகர்கிறார்கள், எல்லோருக்கும் எல்லா இடமும் கிடைத்துவிடுகிறது. ஸ்விஸ் மலை மேய்ச்சல், ஸ்பெயின் வாய்க்கால் என்று இப்படிப் பல. 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கொடுத்தார்கள், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அலான்யா வேண்டாம், பக்கத்திலேயே இலங்கையில் நீர்கொழும்பு இருக்கிறது. அங்கேயும் உப்பங்கழி, அங்கேயும் வாசலில் கட்டு வலை, அங்கேயும் மாதா கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மீனவர் சங்கங்கள் சேர்ந்து சீட்டுப் போட்டு இடம் பிரிக்கின்றன. கொச்சிக் காயலில் கட்டு வலைக்காரர்கள் வைத்திருக்கும் முறைக்குப் பெயரே பாடுதான். ஒரே வாசல் இருக்கிற தண்ணீரில் மனிதர்கள் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் பாடு ஏதோ ராமராஜ்யம் என்று நினைத்துவிடுவீர்கள். இல்லை.

நம் கூட்டத்தில் வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி நேராகக் கேட்டாள்: “ஐயா, இதுல பொண்ணுங்களுக்குப் பங்கு இருக்கா?” பெரியவர் சிரித்தார். “வலை கட்டுறது நாங்க, வித்துக் காசாக்குறது அவங்கம்மா. காசு அவங்க கையிலதான்.” அவள் விடவில்லை: “சீட்டுல பேரு இருக்கா?” இல்லை. அந்தச் சாதியில் பிறந்து கல்யாணமாகிக் குடும்பம் வைத்த ஆணுக்குத்தான் பாட்டில் இடம். ஏரிக்கரையில் காலங்காலமாக இருக்கிற தலித் மீனவருக்கு இல்லை. இருளருக்கு இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள், ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு. கை இரண்டும் தண்ணீருக்குள், பிடித்ததைப் போட வேறு வழியில்லை. வலையில்லாத அந்த மீன்பிடிப்பைப்போல ஏரிக்குக் கெடுதல் இல்லாத தொழில் வேறில்லை. ஆனால் அவர்களுக்கு எந்தச் சீட்டும் இல்லை.

எழுபதுகளுக்குப் பிறகு இறால் ஏற்றுமதிச் சரக்கானது. விலை ஏற ஏற, வெளியே நின்றவர்களும் உள்ளே வரப் பார்த்தார்கள். வராமல் எப்படி இருப்பார்கள்? மற்ற ஊர்களும் தங்களுக்குள் பாடு வைத்துக்கொண்டன. எல்லைத் தகராறு, வலை அறுப்பு, அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை என்று இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. என் கருத்தைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். உள்ளே இருப்பவர்களுக்குள் இதைவிட நியாயமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அது மதில் வைத்த நியாயம். மதிலை இடிக்காமல் கதவை மட்டும் பெரிதாக்க முடியுமா என்பது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு. தீர்க்கும்வரை ஏரி அங்கே இருக்க வேண்டும், அதுதான் இப்போது சந்தேகம்.

ஏரிக்கு வந்த ஆபத்துகளில் ஒன்றைத் தடுக்கப் பார்த்தவர் நம் தமிழ்நாட்டுக் கிழவர் ஒருவர். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கடற்கரை முழுக்க இறால் பண்ணைகள் முளைத்தன. நெல் வயலுக்குப் பக்கத்தில் குளம் வெட்டி உப்புத் தண்ணீரை விட்டு, தீனியும் மருந்தும் போட்டு, கழிவை மறுபடி ஏரியிலும் வாய்க்காலிலும் திறந்துவிட்டார்கள். வினோபாவோடு பூதான நடைப்பயணம் போன சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன், நாகப்பட்டினம் பக்கத்து மக்களுக்காக 1994-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை இடிக்க வேண்டும், சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. வகுப்பில் நான் இதை வாசித்துக் காட்டியது சிலருக்காவது ஞாபகம் இருக்கும், நம் ஊர்ப் பெயர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் என்று. இடிப்பு முழுசாக நடக்கவில்லை. மறு ஆய்வு மனுக்கள் வந்தன, பிறகு 2005-ல் புதிய சட்டமே வந்து பண்ணைகளுக்கு வழி விட்டது. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் 2008-ல் ரைட் லைவ்லிஹூட் விருது பெற்றார்கள். அவர் 2013-ல் காலமானார்.

ஏரிக்காக உழைத்த ஆசிரியர் ஒருவரையும் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்குத் துரோகம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த பி. ஜே. சஞ்சீவராஜ், ஓய்வுக்குப் பிறகும் இந்த ஏரியை விடவில்லை. ஏரியில் வாழும் உயிரினங்களைப் பற்றி அவர் எழுதிய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-ல் வெளியிட்டது. ஓய்வு பெற்றபிறகு என்ன செய்வது என்று என்னைக் கேட்கும் சக ஆசிரியர்களுக்கு நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

பட்டியலில் இருந்த மற்ற இடங்களையும் பார்த்தோம். பறவைகள் சரணாலயத்தை ஆந்திரா 1976-லும் தமிழ்நாடு 1980-லும் அறிவித்தன. பூநாரையைப் பார்க்க வருகிறவர்கள் நிறைய, அந்த ஏரியில் வலை போடுகிறவருக்குச் சரணாலயச் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. பனையோலை முடையும் முஸ்லிம் பெண்களின் வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தோம். குருத்தோலையைக் கீறிச் சாயம் ஏற்றி மூடி வைத்த பெட்டி பின்னுகிறார்கள், மூடி சத்தமில்லாமல் பொருந்துகிறது. நம்மவர்கள் பேரம் பேசாமல் வாங்கினார்கள், அதற்காக மட்டும் உங்களைப் பாராட்டுகிறேன்.

மதியத்துக்கு மேல் முகத்துவாரம். பாலம் ஏறி மணல் திட்டுக்குப் போய்க் கலங்கரை விளக்கம் பக்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்தோம். மணலில் சைக்கிள் ஓடாது, சிலர் ஓட்டிப் பார்த்து விழுந்தார்கள். கோடையில் மணல் வந்து வாசலை அடைத்துவிடும். கடல் தண்ணீர் உள்ளே வராது, இருக்கிற தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும், மீன் செத்து மிதக்கும். மழைக்கால வெள்ளம் வந்து உடைத்துவிட்டால் உண்டு, இல்லாவிட்டால் மீனவர்களே மண்வெட்டியோடும் இயந்திரத்தோடும் போய் வெட்டித் திறப்பார்கள். வாசல் மூடினால் இறாலுக்குள் வரும் வழி மூடுகிறது, அப்புறம் சீட்டுப் போட்டு எதைப் பிரிப்பது? இதற்காகத்தான் அரசு 26 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் வாசலின் இரு பக்கமும் கல் சுவர் கட்டி நிரந்தரமாக்கும் திட்டம் போட்டது. மீனவர்கள் பல வருடம் கேட்டது இது.

ஆனால் மணல் ஏன் இப்படி அலைகிறது? மெரினாவை வைத்துப் புரிந்துகொள்ளலாம். நம் கடற்கரையில் அலை வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். மணல் சுவருக்குத் தெற்கே தங்கித் தங்கி மெரினா அகலமானது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. தெற்கே சேர்ந்தால் வடக்கே அரிக்கும், அவ்வளவுதான் கணக்கு. அதற்கும் வடக்கே 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அடுத்து வடக்கே இருப்பது பழவேற்காட்டுக் குப்பங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-ல் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி நிறுவனம் வாங்கியது. அதைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2021 ஜனவரி 22 அன்றும், மறுபடி 2023 செப்டம்பர் 5 அன்றும் அறிவித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன. குப்பங்களில் சுவர் சுவராக இதற்கு எதிரான எழுத்துகளைப் பார்த்தோம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் ஒரு வாக்குவாதம் நடந்தது, வராதவர்களும் தெரிந்துகொள்ளட்டும். துறைமுகத் தொழிலில் வேலை செய்யும் நம் மாணவன் ஒருவன் சொன்னான்: “சார், எங்க அப்பா கூலி. எனக்கு அந்த வேலை கிடைக்கலன்னா தங்கச்சி படிச்சிருக்காது. துறைமுகம் வேணாம்னு சுலபமா சொல்லிடாதீங்க.” அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நான் அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த நான்கு பேருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அதே கேட்டுக்குள் வேலை கிடைக்குமா, அவர்கள் இழக்கும் இடத்துக்கு அங்கே முறை உண்டா? ஒரு பாட்டில் இத்தனை பேர், இந்த வரிசை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஆறாயிரம் ஏக்கரில் யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் சீட்டை நான் எங்கேயும் பார்க்கவில்லை. அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை, இந்தப் பதிவின் கீழ் எழுதினால் மகிழ்வேன்.

அடுத்த பயணம் மார்கழியில். இந்த முறை பாட்டுக்கு உள்ளே இருப்பவர்களின் பேச்சைக் கேட்டோம். அடுத்த முறை ஏரியின் மேற்குக் கரைக்கு, அண்ணாமலைச்சேரி பக்கம் போய், பாட்டுக்கு வெளியே இருப்பவர்களிடம் உட்கார வேண்டும். இருளர் குடியிருப்பில் பேசுவதற்கு அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொண்டுதான் போவோம், திடீரென்று 19 சைக்கிள் போய் நிற்பது மரியாதை இல்லை. கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். தூரம் இந்த முறையைவிட அதிகம், அதனால் பிரேக் கட்டையும் செயினும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் கார்த்திகை முடிவதற்குள் பெயர் கொடுங்கள். மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் என்ற விதியில் மாற்றம் இல்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்